ஆர்மீனியப் பாடகருக்கு நான் எழுதிய வாழ்த்துமடல்

1

கடல் கடந்து வந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகியும், அரசு அலுவலக முகப்பில் எண் அழைக்கப்படும்போது நான் இன்னும் என் சீட்டை இருமுறை சரிபார்க்கவே செய்கிறேன். துறையூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருந்து என் குறிப்புகளை வாசித்துவரும் அன்பர்களிடம் இதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். இம்முறை அழைக்கப்பட்ட எண் எனக்குரியதன்று; என் சம்பந்திக்குரியது. பிழை மட்டும் என்னுடையது.

சம்பந்தியின் பெயர் ரூபென். ஆர்மீனியர். என் மகள் மலர்விழி மருத்துவம் பயில அவர்களுடைய தலைநகரான யெரெவானுக்குச் சென்றாள்; பட்டத்தோடும் கணவரோடும் திரும்பினாள். மருமகன் இப்போது சிங்கப்பூரில் பணியாற்றுகிறார், மாதம் ஒருமுறை வருகிறார். ரூபென் தம் மனைவியை இழந்து தனியரானபின், நான்காண்டுகளுக்கு முன் ஈப்போவின் புந்தோங் பகுதியிலுள்ள எங்கள் இல்லத்திற்கே வந்துவிட்டார். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய வருகை அனுமதியில் தங்கியிருக்கிறார். எவ்வேலையும் செய்யலாகாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை.

புதுப்பிப்பதற்காகக் குடிநுழைவு அலுவலகத்திற்குச் சென்றிருந்தோம். முகப்பில் இருந்த மலாய் அதிகாரி, இளம் பெண்மணி, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். நான் எழுதிய வாழ்த்துமடலின் நிழற்படம் அது. இடப்பக்கம் தமிழ்; வலப்பக்கம் நானே பெயர்த்த மலாய்.

"பாக்சிக், இதை எழுதியது யார்?" என்றார். இங்கு முதியவர்களை அப்படித்தான் மரியாதையாக விளிப்பார்கள்.

உண்மையைச் சொல்கிறேன்: ஒரு கணம் எனக்குப் பெருமையாகவே இருந்தது. "நான்தான்" என்றேன்.

அவர் மலாய்ப் பகுதியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். நான்காண்டுகளாக ஈப்போ மாநகரின் நூறு மேடைகளைத் தம் குரலால் ஆண்டுவருபவர். கோலா கங்சார் முதல் ஆயர் தாவார் வரை இசைத்தொண்டு ஆற்றிவருபவர். பேராக் மாநில மக்கள் தம் விழாக்களுக்குத் தவறாது அழைக்கும் பாடகர்.

"அப்படியானால் இவர் நான்காண்டுகளாக இங்கே தொழில் செய்துவருகிறார். எங்களுக்குப் புகாரும் வந்திருக்கிறது."

பதினான்கு நாட்கள் கொடுத்தார். தக்க விளக்கம் எழுத்தில் வராவிட்டால் அனுமதி புதுப்பிக்கப்படாது. சம்பந்தி நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

2

வாழ்த்துமடல் இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் பெற்றிருக்கும் இடத்தை ஊரிலுள்ள நீங்கள் அறியமாட்டீர்கள். தலைமையாசிரியர் ஓய்வுபெற்றாலும், மணிவிழா நடந்தாலும், தோட்டம் மூடப்பட்டு மக்கள் கலைந்துபோனாலும், ஒருவர் எழுந்து மடல் வாசிப்பார். பிறகு அது கண்ணாடிச் சட்டமிட்டு, பொன்னாடையோடு வழங்கப்படும். சுங்கை சிப்புட்டில் ஒரு லாரி நிறுவனத்தில் எழுத்தராக இருந்த முப்பத்தாறாண்டுகளும், ஓய்வுபெற்ற பின்னும், சுற்றுவட்டாரத்து மடல்களில் பெரும்பகுதியை நானே எழுதினேன். எந்தப் பள்ளியிலும் நான் தமிழ் முறையாகப் பயின்றதில்லை. பழைய மேடைப்பேச்சுகளையும் நாளிதழ்த் தலையங்கங்களையும் வாசித்து வாசித்தே என் நடையைக் கட்டிக்கொண்டேன். மடலில் உயர்வு நவிற்சி இருப்பதை எவரும் பொய்யென்று கருதியதில்லை. கேட்போர் அதற்குரிய கழிவைத் தாமே கழித்துக்கொள்வார்கள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் ஒன்றின் பழைய குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஒரு மண்டபத்தில் கூடும். அவ்வமைப்பின் தலைவர் மாரியப்பன், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ரூபென் என்னோடு சென்றிருந்தபோது அவரைப் பாடச் சொன்னவர் மாரியப்பனே. ரூபென் அங்கிருந்த ஒருவரிடம் கித்தாரை வாங்கி, ஆர்மீனிய மொழியில் பாடினார். அவருடைய நாட்டில் அவ்வகைப் பாட்டை 'ஷான்சோன்' என்கிறார்கள். சிறைக்குப் போனவன், வெளிநாட்டில் செங்கல் அடுக்குபவன், மகனைக் காணாத தாய், இரவெல்லாம் வண்டியோட்டுபவன் ஆகியோருக்காக அவர்களுடைய பேச்சிலேயே கட்டப்படும் பாட்டு. மண்டபத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் பிரியாணித் தட்டுகளோடு நின்றவர்கள் நின்றபடியே கேட்டார்கள்.

"பாஷை தெரியலைன்னா என்னலா, அழுவுறது தெரியுதுல்ல" என்றார் மாரியப்பன், இந்நாட்டுப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு.

அவ்வுணர்ச்சியில்தான் அடுத்த ஒன்றுகூடலில் ரூபெனுக்கு மடல் வழங்கத் தீர்மானித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வருவதாக இருந்ததால் மலாய்ப் பெயர்ப்பும் கேட்டார்கள். நான் ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு மேடையை நூறாக்கினேன். மாரியப்பன் அதைச் சங்கத் தாளில் அச்சிட்டு, முத்திரையும் இட்டு, படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டார். புகார் எழுதிய கை எது என்பது எனக்குத் தெரியாது. அறிய விரும்பவும் இல்லை.

3

தாள் என்ன செய்யும் என்பதை நான் அறியாதவனல்லன்.

துறையூரில் என் தந்தை பெரியசாமி எண்ணெய்ச் செக்கில் கூலி. பதினாறாம் வயதில் தாய்மாமன் அண்ணாமலை என்னை இங்கு அழைத்துவந்தபோது, இங்கு வசிப்பவரின் சிறுவயது மகனாக இருந்தால்தான் நுழைய இடமுண்டு என்றிருந்தது. ஆகவே தாளில் எனக்குப் பதின்மூன்று வயது ஆயிற்று. மாமா எனக்குத் தந்தை ஆனார். கப்பலில் மூன்று நாட்கள் அவர் என்னைப் பயிற்றுவித்தார். "அப்பா பேரு என்ன?" என்று எதிர்பாராத நேரத்தில் கேட்பார். முதல் நாள் பெரியசாமி என்றேன். மூன்றாம் நாள் தூக்கத்தில் உலுக்கிக் கேட்டபோதும் அண்ணாமலை என்றேன்.

இன்றளவும் என் அடையாள அட்டையில் நான் அண்ணாமலையின் மகன். என்னைப் பெற்றவர் இறந்தபோது, நெருங்கிய உறவினர் எனக் காட்டி விடுப்புக் கேட்க என்னால் இயலவில்லை. இதை அச்சில் எழுதுவதால் இனி எவருக்கும் கேடில்லை. கேடு வந்தால் எனக்கு மட்டுமே.

4

மலர்விழி மருத்துவமனையிலிருந்து வந்ததும் தீர்வைத் தயாராக வைத்திருந்தாள்.

"சிம்பிளா எழுதுங்கப்பா. அவர் பாடகர் இல்ல, ரிட்டயர் ஆன சாதாரண மனுசன், பேத்தியப் பாத்துக்க வந்திருக்கார், சும்மா ஆசைக்கு ஒரு பாட்டுப் பாடினார். அவ்வளவுதான். அவர் ஒரு சைன் போட்டா முடிஞ்சிடும்."

ரூபென் மேசையின் மறுபுறம் இருந்தார். அவர் பேசும் தமிழ் புந்தோங் கடைத்தெருவில் கற்றது. குறைவானதாயினும் அவருக்குப் போதுமானது.

"பாடகர் இல்லன்னு நான் சைன் போட மாட்டேன்" என்றார்.

"மாமா, இது வெறும் ஃபார்ம். யாரும் உங்கள ஒன்னும் சொல்லல."

"ஃபார்ம்னா என்னலா? என் பேர் கீழ. மேல பாடகர் இல்ல. நான் செத்தாலும் அந்தத் தாள் அங்க இருக்கும்."

"அப்ப போங்க" என்றாள் மலர்விழி. அவள் அப்படிப் பேசுபவளல்லள். "எங்க போவீங்க? வீட்ட வித்தாச்சு. அங்க யார் இருக்கா? உங்க மகன் ஒரு மாசத்துக்கு ஒரு தடவ வர்றார். அனிகிட்ட யார் உங்க பாஷை பேசுவா?"

அனி பதினொரு வயதுப் பேத்தி. காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் கால்மடித்து அமர்ந்திருந்தாள். இரு தாத்தாக்களுக்கும் அவள் ஆங்கிலத்திலேயே விடை சொல்வாள். அவ்வகையில் நாங்களிருவரும் சமமாகத் தோற்றவர்கள். ஆயினும் நாள்தோறும் பள்ளி விட்டதும் ரூபென்தான் அவளை நடத்தி அழைத்துவருவார். அந்த அரைமணி நேரம் அவர் ஆர்மீனியத்தில் மட்டுமே பேசுவார், அவள் ஆங்கிலத்தில் மட்டுமே பதிலளிப்பாள், ஒருவரையொருவர் திருத்துவதில்லை. வழியில் கடலை வறுப்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்குவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அது தீர்ந்திருக்கும். சம்பந்தி இழக்கவிருந்தது அந்த அரைமணி நேரத்தையே. அவருக்கு வேறெதுவும் இங்கு இல்லை.

அவருக்கும் அது தெரியும். தெரிந்தே மறுத்தார்.

"நான் எழுதியதை நானே திருத்துகிறேன்" என்றேன். "பாடகர் இல்லை என்று எழுதமாட்டேன். நூறு மேடை என்று எழுதியவன் நான். அது பொய் என்று எழுதுகிறேன். உங்கள் வாழ்க்கையை நடந்தபடி சொல்லுங்கள்."

மலர்விழி என்னை நோக்கிய பார்வையில் நன்றி இல்லை. "நடந்தபடி எழுத உங்களுக்கு வருமாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

5

மூன்று பிற்பகல்கள் அமர்ந்தோம். எழுபத்து மூன்று ஆண்டு வாழ்க்கை. நான் கேட்டதையெல்லாம் அவர் சொன்னார். நான் சேர்த்ததையெல்லாம் அவர் அடித்தார்.

இளமையில் அவர் டிராம் வண்டி ஓட்டினார். முதல் பாட்டுகளை வண்டியோட்டியபடியே கட்டினார். நண்பரின் சமையலறையில் கம்பளிகளைச் சுவரில் தொங்கவிட்டு, எதிரொலி இல்லாமல் ஓர் ஒலிநாடா பதிந்தார்கள். சிறையிலிருக்கும் மகனுக்குத் தாய் ரொட்டி கொண்டுபோகும் பாட்டு அதில் இருந்தது. நாடாவை யார் யாரோ படியெடுத்தார்கள். பெரும்பாலான படிகளில் அவருடைய பெயரே இல்லை.

நான், 'நாடெங்கும் புகழ்பெற்றார்' என்று எழுதினேன்.

"புகழ் வேணாம்லா" என்று பேனாவைப் பிடித்தார். "டாக்சின்னு எழுது. டாக்சியில போட்டாங்க. ஒரு நாள் நான் டாக்சியில உக்காந்திருக்கேன், என் பாட்டு. டிரைவர்கிட்ட இது நான்தான்னு சொன்னேன். அவன் சொன்னான், போன வாரமும் ஒருத்தன் அப்படித்தான் சொன்னான்னு."

அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று.

பிறகு மின்சாரமும் வெப்பமும் இல்லாத குளிர்காலங்கள் வந்தன. டிராம் நின்றது. வீட்டு அலமாரியை உடைத்து அடுப்பெரித்தார்கள். அவர் ரஷ்யாவின் தென்பகுதி நகரம் ஒன்றுக்குப் போய், ஆர்மீனியக் கட்டடத் தொழிலாளர்கள் கூடும் உணவகத்தில் பதினேழாண்டுகள் பாடினார். உண்பவர்கள் எழுந்துவந்து, இன்னாருக்காக இந்தப் பாட்டு என்று சொல்வார்கள். அந்தப் பெயரை முதலில் சொல்லிவிட்டே பாடவேண்டும் என்பது அங்கு வழக்கம். ஒருவர் தொலைபேசியில் தாயை அழைத்து, கருவியை மேடையருகே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அந்தத் தாய்மார்களில் சிலர் இறந்த பின்னும் மகன்கள் வந்து அதே பெயரைச் சொல்வார்கள். ரூபெனும் சொல்வார். மனைவி நோயுற்றபோது உணவகத்தை விட்டுத் திரும்பினார். மனைவி இறந்தபின் அங்கு பாடவில்லை.

"இங்கு எத்தனை மேடை?" என்று கேட்டேன்.

"ஒன்னு. சுங்கை சிப்புட். மடல் குடுத்த நாள் நான் பாடல, சாப்பிட்டேன்."

"எத்தனை பாட்டு?"

"ரெண்டு."

எனக்கு ஒன்றாகவே நினைவிருந்தது. இடையில் அவர் நிறுத்தாததால் எல்லாம் ஒரே பாட்டு என்று எண்ணிக்கொண்டேன் போலும். முதலாவது, அந்தத் தாயின் ரொட்டிப் பாட்டு. இரண்டாவது எப்போது கட்டியது என்று கேட்டேன். மேசையிலிருந்த கோப்பையை நகர்த்தினார்.

"இங்க. மொத வருசம். குடிநுழைவு ஆபீஸ்ல உக்காந்து எழுதினேன்."

நான்காண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவர் இந்நாட்டில் ஒரு பாட்டுக் கட்டியதை நான் அறிந்திருக்கவில்லை. அவருக்கு நூறு மேடை கட்டிக்கொடுத்த நான், இருந்த ஒரு பாட்டைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

மலர்விழி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அத மட்டும் எழுதாதீங்க. இங்க பாட்டு எழுதினார்னு நாமளே குடுத்தா, அதுவும் வேலைம்பாங்க. ப்ளீஸ்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பேனாவை மூடினேன்.

ரூபென் குரலை உயர்த்தவில்லை. "நாலு வருசம், சம்பந்தி. ஒரு பாட்டு. அதையும் இல்லன்னு எழுதினா நான் இங்க இருந்தேன்னு எதுல இருக்கு?"

6

சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட்டுக்குப் பேருந்தில் சென்று மாரியப்பனைக் கண்டேன். ஒருமுறையே பாடினார், ஊதியம் ஏதும் பெறவில்லை என்று எழுதித்தரக் கேட்டேன்.

"என்னண்ணே இது? நீங்க எழுதினதப் படிச்சப்ப சனம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. இப்ப வந்து அது பொய்யிங்கிறீங்க."

"பொய் என்று நான் எழுதிக்கொள்கிறேன், மாரி. நீ ஒருமுறை என்று மட்டும் எழுதினால் போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைக் காட்டினார். அவர் ஓய்வுபெற்றபோது நான் எழுதிய மடல் அங்கே தொங்கியது. "அப்ப அது? 'சாலைகளின் சிங்கமே'ன்னு எழுதிருக்கீங்க. அதுவும் சாலாவா?"

சாலா என்றால் மலாயில் தவறு. நான் சுவரருகே போய் அந்த வரியை வாசித்துப் பார்த்தேன்.

"ரெண்டு தடவ லாரிய லொங்காங்ல எறக்குனவன் நானு" என்றார் அவரே. "தண்ணி ஓடுற சாக்கடையில முன் சக்கரம் மாட்டிக்கிட்டு விடிய விடிய நின்னிருக்கேன். சிங்கமாம் சிங்கம். எம் பொண்டாட்டி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா."

சிரித்துக்கொண்டே கடிதத்தை எழுதினார். ஆனால் முத்திரையிடுமுன் அதை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். "யாராச்சும் இனிமே மடல் கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றார். தெரியவில்லை என்றேன். இன்னும் தெரியவில்லை.

7

பன்னிரண்டாம் நாள், சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் ஆணையரின் அறைக்குச் சென்றேன். நான் மலாயில் எழுதிய அறிக்கை ஒரு பக்கத்திற்கும் குறைவு. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மிகக் குறுகியது அதுவே. அதற்கு ஆறு நாட்கள் ஆயின. ரூபென் ஒரு பாடகர். இந்நாட்டில் ஒரே ஒருமுறை, ஊதியமின்றி, தம் சொந்தப் பாடல்கள் இரண்டைப் பாடினார். அவற்றுள் ஒன்றை இங்கேயே எழுதினார். மடலில் உள்ள பிற மேடைகள் யாவும் நான் புனைந்தவை. அவர் அவற்றைச் சொல்லவில்லை. தமக்கு மடல் எழுதப்படுவதையே அறிந்திருக்கவில்லை.

ஆணையர் உரக்க வாசித்து உறுதிகேட்டார். இன்ன எண் அடையாள அட்டை உடைய, அண்ணாமலை மகன் இன்னார், இவையனைத்தும் உண்மையென மனமார அறிவிக்கிறாரா? உண்மையை மட்டுமே எழுதிய ஒரே தாளுக்கும் தலைப்பில் அந்தப் பெயரைத்தான் வைக்கவேண்டியிருந்தது. ஆம் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

பாட்டைச் சேர்த்ததை மலர்விழியிடம் அன்று மாலை சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே, "அவர் போயிட்டா அனிகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

8

பதினான்காம் நாள், முகப்பில் அதே அதிகாரி. மலர்விழி விடுப்பெடுத்து எங்களோடு வந்திருந்தாள். அதிகாரி என் அறிக்கையை இருமுறை வாசித்தார். மாரியப்பனின் கடிதத்தையும் வாசித்தார். பின் என்னை நோக்கி, "அரசுத் தாளில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்று தெரியுமா, பாக்சிக்?" என்றார்.

"அது அரசுத் தாளன்று, வாழ்த்துமடல்" என்று சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டு, "தெரியும்" என்றேன்.

பிறகு அவர் ரூபெனிடம் திரும்பினார். "இங்கே ஒரு பாட்டு எழுதினீர்கள் என்று இருக்கிறது. எதைப் பற்றி?"

மலர்விழியின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. மொழிபெயர்க்க நான் வாய்திறப்பதற்குள் ரூபென் தமக்குத் தெரிந்த மலாயில் தாமே சொல்லத் தொடங்கினார். ஒரு கிழவன் புதிய நாட்டுக்கு வருகிறான். மொழி தெரியாது. எண்கள் மட்டும் தெரியும், பேத்தி கற்றுக்கொடுத்தாள். அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறான். சுற்றிலும் எல்லோரும் பேசுவது சத்தமாக மட்டும் கேட்கிறது. திடீரென்று ஓர் எண்ணை அழைக்கிறார்கள். அது அவனுக்குப் புரிகிறது. அந்நாட்டில் அவனுக்குப் புரிந்த முதல் வார்த்தை அது. அது அவனுடைய எண் அன்று. இருந்தாலும் எழுந்து நிற்கிறான்.

அவ்வளவுதான் பாட்டு என்றார்.

அதிகாரி தாள்களை அடுக்கினார். அவர் முகத்திலிருந்து எதையும் அறிய முடியவில்லை. "உட்காருங்கள். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும்."

ஒரு மணி நேரத்திற்கும் மேல் அமர்ந்திருந்தோம். மலர்விழி தொலைபேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ரூபென் கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். ஒருமுறை மட்டும் என் பக்கம் சாய்ந்து, "பாட்ட சரியா சொன்னேனா?" என்று கேட்டார். சரியாகச் சொன்னீர்கள் என்றேன். உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் மூவரும் நிமிர்ந்தோம்.

பெயர் சொல்லியே அழைத்தார்கள். அதிகாரி கடவுச்சீட்டை முகப்பின் மேல் நகர்த்திவிட்டு, அடுத்தவரை நோக்கிக் கையசைத்தார். ரூபென் அதைத் திறக்கவில்லை. என்னிடம் கொடுத்தார்.

"வாசி, சம்பந்தி. எழுதினது மட்டும்."

முத்திரையை வாசித்தேன். ஓராண்டு. எவ்வேலையும் செய்யலாகாது. அதன் கீழ் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: எந்தப் பொதுமேடையிலும் பாடலாகாது.

மலர்விழி சுவரில் சாய்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டாள். ரூபென் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"மறுபடி வாசி" என்றார். மறுபடியும் வாசித்தேன்.

"பாட்டு எழுதக்கூடாதுன்னு இருக்கா?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். இல்லை என்றேன்.